யார் அந்தப் பதினொண்ணு?

சென்ற வருடம் தீபாவளி முடிந்து, மழை வருவேனா மாட்டேனா என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த நாட்கள். ஒரகடத்தைத் தாண்டி வல்லக்கோட்டைப் பக்கம் திரும்பினால், கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர்களுக்கு நடுவே ஓர் உள்சாலை போகும். அங்கேதான் இது நடந்தது. நடந்தபோது நான் ஒரு பள்ளத்துக்குள் விழுந்து கிடந்தேன். அதனால் பாதி விஷயத்தைக் கண்ணால் பார்க்கவில்லை, காதால் மட்டுமே கேட்டேன். அப்படிக் கேட்ட ஒரு குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் வடக்குப்பட்டுக்குப் பக்கம். வயது நாற்பதை எட்டிப் பார்க்கிறது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், கம்பெனி வேன் ஓட்டுகிற கணவர். நான் வேலை செய்வது கார்களுக்குள் போகிற ஒயர்களைக் கட்டி அனுப்புகிற கம்பெனியில். பலகையில் ஒயர்களைப் பரப்பி, டேப் சுற்றி, பிளக்கில் செருக வேண்டும். பலகை நம்மைத் தாண்டி நகர்ந்துகொண்டே இருக்கும், நாம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. சாயங்காலம் பஸ் ஏறும்போது என் கால்கள் இரண்டும் யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன கால்கள் மாதிரி இருக்கும்.

லைனில் எனக்கு அடுத்த இடத்தில் நிற்பவள் ஒரு திருநெல்வேலிப் பெண். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். வாய் மூடவே மூடாது. ஒரு நாள் நான் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "யக்கா, கம்பெனிக்காரன் நம்மள நிக்கத்தான வைக்கான்? ஓடக்கூடாதுன்னு சொல்லலல்லா? சாயந்தரம் எங்க கூட வாங்க" என்றாள்.

அவளும் ஹாஸ்டல் பெண்கள் சிலரும் வேலை முடிந்து கூட்டமாக ஓடப் போகிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "நான் பஸ்ஸப் புடிக்கக்கூட ஓட மாட்டேன்டி" என்றேன். "அப்ப மொதல்ல நடங்க" என்று ஒரே போடாகப் போட்டாள்.

போனேன். பஸ் இறக்கிவிடும் டீக்கடையில் பைகளையும் போன்களையும் கொடுத்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நெற்றியில் பட்டை போட்டு ஆளுக்கொரு விளக்கை மாட்டிக்கொள்வோம். அந்தச் சாலையில் கம்பம் இருக்கிறது. கம்பத்தில் விளக்கும் இருக்கிறது. எரிவதுதான் இல்லை. இரண்டு ஓரமும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வெளிச்சத்துக்கு நம் நெற்றியை விட்டால் வேறு கதியில்லை. முதல் நாள் நாய்க்கு இரைப்பது போல இரைத்தது எனக்கு. ஆனால் மறுநாள் காலையில் எழுந்தபோது கால்கள் என் கால்களாக இருந்தன. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இதை நான் விடப்போவதில்லை என்று.

நெற்றி விளக்கோடு என்னைப் பார்த்த கணவர், "இன்னா, முயல் புடிக்கவா கெளம்பிட்ட?" என்றார்.

"ஆமா, புடிச்சாந்து கொழம்பு வெக்கிறேன். நீ மொதல்ல சோத்த வடி" என்றேன்.

அவராவது கிண்டலோடு விட்டார். மற்றவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான், எதற்காக ஓடுகிறீர்கள்? போலீஸ் வேலைக்கா? உடம்பு இளைக்கவா? சர்க்கரை ஏதாவது வந்துவிட்டதா? இல்லை, வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டுதலா? டீக்கடைக்காரரிலிருந்து ஹாஸ்டல் வார்டன் வரை கேட்டாகிவிட்டது. சும்மா ஓடுகிறோம் என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது. ஆண்பிள்ளைகள் அதே சாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பைக்கில் சும்மா சுற்றுகிறார்கள். அவர்களை யாரும் காரணம் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கக் கேட்க எனக்கு வீம்பு ஏறியது. காரணம் சொல்லவே கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

கூட்டம் பெருகி நாங்கள் பதினோரு பேரானோம். திருநெல்வேலிப் பெண்தான் லீடர். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக ஓட வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஆள் எண்ண வேண்டும். அதிலும் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். எண் சொல்லும்போது யாரும் பின்னால் திரும்பக் கூடாது. திரும்பினால் நம் நெற்றி விளக்கு அடுத்தவள் கண்ணில் நேராக அடித்துவிடும். கொஞ்ச நேரத்துக்கு அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்தால் தொலைந்தது. அதனால் முன்னால் பார்த்தபடியே ஒன்று, இரண்டு, மூன்று என்று கத்துவோம். கம்பெனியிலும் ஷிப்ட் ஆரம்பத்தில் இப்படித்தான், முகம் பார்க்காமல் எண் சொல்வோம். எண்ணிக்கை சரியாக வந்தால் லைன் ஓட ஆரம்பித்துவிடும்.

நான்தான் கடைசி. மெதுவாக ஓடுகிறவள் என்பதால் வால் எனக்கு. என் எண் பதினொண்ணு.

எனக்குப் பின்னால் சில நாட்களில் இன்னொரு ஆள் வருவதை நான் கவனித்திருந்தேன். முதல் திருப்பத்தில் ஒரு கம்பெனி பஸ் நிறுத்தம் உண்டு. அங்கிருந்து ஒரு பெண், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தோளில் சாப்பாட்டுப் பையோடு, கையில் போன் டார்ச்சைப் பிடித்தபடி நடையும் ஓட்டமுமாக எங்கள் பின்னால் வருவாள். நாங்கள் நின்றால் அவளும் சற்றுத் தள்ளி நின்று செருப்பைச் சரிசெய்வாள். கொஞ்ச தூரத்தில் தன் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவாள். வழியில் போகிற யாரோ என்று விட்டுவிட்டேன். ஒரு நாள்கூட நின்று முகத்தைப் பார்த்ததில்லை.

அன்றைக்கு வழக்கம்போலக் கிளம்பினோம். முதல் திருப்பம் வருவதற்குச் சற்று முன்னால், எதிரே ஒரு லாரி முழு வெளிச்சத்தையும் போட்டுக்கொண்டு வந்தது. முன்னால் போனவர்கள் அதற்குள் கடந்துவிட்டார்கள். நான் கண் கூசி, வலது பக்கம் மண் ஓரத்தில் ஒதுங்கிக் கால் வைத்தேன். வைத்த இடத்தில் மண் இல்லை.

முந்தின நாள் வரை அங்கே பள்ளம் கிடையாது. அன்று பகலில்தான் குழாயோ கேபிளோ பதிக்க யாரோ தோண்டியிருக்கிறார்கள். தோண்டிவிட்டு, ஒரு கயிறு கட்டாமல், ஒரு டிரம் நிறுத்தாமல், அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் உயரத்துக்கு மேல் ஆழம். அடியில் சேறு. வலது கணுக்கால் மடங்கி, அதன் மேலேயே நான் விழுந்தேன். விளக்கு எங்கோ அடித்து அணைந்து போயிற்று. மூச்சு அடைத்துவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது, சத்தம் வரவில்லை.

அப்போது திருப்பத்தில் ஆள் எண்ணுகிறார்கள். பள்ளத்துக்குள் கிடக்கும் எனக்கு ஒவ்வொரு குரலும் தெளிவாகக் கேட்கிறது. எட்டு. ஒன்பது. பத்து. அதற்குப் பிறகு சத்தமில்லை. சரி, பதினொண்ணு வரவில்லை, திரும்பி வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் ஒரு குரல் ஓங்கிக் கேட்டது.

"பதினொண்ணு!"

பெண் குரல். அதுவும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் குரல். என் குரல் மாதிரியே இருந்தது. "ரைட்டு, போலாம்" என்றாள் லீடர். ஷூச் சத்தம் தடதடவென்று தூரமாகப் போய்த் தேய்ந்துவிட்டது.

உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். என் ஆவி எழுந்து அவர்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது, உடம்பு இங்கே சேற்றில் கிடக்கிறது என்று தோன்றியது. பிறகு கணுக்காலில் ஒரு வலி சுளீரென்று ஏறியது பாருங்கள், செத்தவளுக்கு இப்படி வலிக்காது என்று தெரிந்துவிட்டது. அடுத்து வந்தது பயம் இல்லை, கோபம்தான். யாரடி அவள்? என் எண்ணை எடுத்துச் சொல்வதற்கு அவள் யார்? நான் இங்கே கிடக்கிறேன், எனக்குப் பதிலாக ஒருத்தி ஆஜர் சொல்லிவிட்டுப் போகிறாள்!

மூச்சு வந்ததும் கத்திப் பார்த்தேன். பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்ற குளிர்பெட்டி வைத்த லாரி ஒன்று அதற்குள் உறும ஆரம்பித்திருந்தது. என் குரல் அதைத் தாண்டவில்லை. போனோ டீக்கடையில். எழுந்து நிற்கப் பார்த்தேன், வலது கால் ஊன்ற விடவில்லை.

பாம்பு இருக்குமோ, தண்ணீர் வந்துவிடுமோ என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. என் நினைப்பெல்லாம் மறுநாள் காலையிலேயே இருந்தது. யாராவது வழிப்போக்கன் என்னைக் கண்டுபிடித்துத் தூக்கினால் ஊர் முழுக்க என்ன பேசுவார்கள் என்று அங்கேயே கேட்டுவிட்டது. பொம்பளைகள் இருட்டில் ஓடினால் இப்படித்தான் என்பார்கள். ஹாஸ்டல் கதவுக்குப் பூட்டு விழும். அந்தப் பெண்கள் மறுபடி நாளெல்லாம் நின்றுவிட்டு, வந்து கட்டிலில் விழுந்து, மறுநாள் மறுபடி நிற்கப் போவார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே ஒரு மணி நேரம் என் ஒரு காலால் போய்விடும். முடியாது, நானே மேலே ஏறி, நொண்டியாவது நானே டீக்கடைக்குப் போய்விட வேண்டும் என்று மண்ணைப் பிடித்து ஏறினேன். மண் பெயர்ந்து கையோடு வந்தது. சரிந்தேன். மறுபடி ஏறினேன். மறுபடி சரிந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே "யக்கா! யக்கா!" என்று ஒரே கூச்சல். ஷூச் சத்தம் பள்ளத்தை ஒட்டியே ஓடிக் கடந்து போயிற்று. நான் கத்தினேன். லாரி உறுமல்தான் பதில் சொன்னது. அவர்கள் சாலையைப் பார்த்துத் தேடுகிறார்கள், லாரிகளின் அடியில் தேடுகிறார்கள். பள்ளம் ஒன்று அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

பிறகு ஒரு சின்ன வெளிச்சம் நேராகப் பள்ளத்துக்குள் விழுந்தது. போன் டார்ச்.

"யக்கா... உள்ள கீறீங்களா?"

"கீறேன்! யாரு?"

பிறகு தயங்கித் தயங்கி ஒரு குரல்.

"நான்தாங்க... பதினொண்ணு."

"இன்னாது? நீ பதினொண்ணா? அப்ப நான் யாருடி?"

வலியிலும் சேற்றிலும் கிடந்துகொண்டு நான் போட்ட அந்தச் சண்டையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அவள் பையை மேலே வைத்துவிட்டுச் சரக்கென்று பள்ளத்துக்குள் குதித்தாள். என் முன்னால் குனிந்து, சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, முதுகைக் காட்டினாள். "ஏறுங்க. திட்றத மேல போய்த் திட்டுங்க" என்றாள்.

ஏறினேன். சேற்றுக் காலோடு அவள் முதுகில் முழங்காலை வைத்து, தோளில் நல்ல காலை ஊன்றி, தலையை வெளியே நீட்டினேன். அதற்குள் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு எங்கள் பெண்கள் ஓடி வந்து என் கைகளைப் பிடித்து இழுத்தார்கள். பிறகு அவளையும் இழுத்துப் போட்டார்கள். நாங்கள் இருவரும் தார் ரோட்டில் மல்லாந்து கிடந்தோம். பத்து நெற்றி விளக்கும் அவள் முகத்தில் அடித்தன. அன்றுதான் முதல் முறையாக அந்த முகத்தைப் பார்த்தோம். என் வயதுதான் இருக்கும். கையால் கண்ணை மறைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

திருநெல்வேலிப் பெண் அழுகையும் ஆத்திரமுமாக, "நீங்க ஏங்க்கா நம்பர் சொன்னீய? நாங்க எல்லாரும் வந்தாச்சுன்னுல்லா நெனச்சி ஓடிட்டோம்!" என்று கேட்டாள்.

அவள் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை செய்கிறாளாம். பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஊர் வரை ஒரே இருட்டு. முன்பெல்லாம் தம்பியை வரச்சொல்ல வேண்டும், அவன் வரச் சண்டை போட வேண்டும். நாங்கள் ஓட ஆரம்பித்ததிலிருந்து தம்பியைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். "உங்க லைட்டு வர்ற வரைக்கும் ஸ்டாப்புலயே நின்னுகினு இருப்பேன். வந்ததும் பின்னாடியே ஒட்டிக்குவேன்" என்றாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றேன் நான்.

"நீங்கல்லாம் ஷூ போட்டுகினு ஓடுறவங்க. நான் பொடவ, பை. இன்னான்னு வந்து கேக்குறது? நீங்க எண்ணும்போது தெனமும் மனசுக்குள்ள பன்னண்டுன்னு சொல்லிக்குவேன். இன்னிக்குப் பத்தோட நின்னுட்டாங்க. யாரோ லீவு போலன்னு நெனச்சேன். அப்ப நான்தான பதினொண்ணு? எல்லாரும் வேற நின்னுகினு இருந்தீங்க. என்னியதான் கேக்குறாங்கன்னு வாய்க்கு வந்துடுச்சி, சொல்லிட்டேன்."

அடுத்த திருப்பத்துக்கு முன்பே அவள் ஊருக்குத் திரும்பிவிட்டதால் அங்கே பதினொண்ணு வரவில்லை. அப்போதுதான் இவர்கள் பதறித் திரும்பியிருக்கிறார்கள். கூச்சல் கேட்டு அவளும் பாதி வழியிலிருந்து திரும்பி ஓடி வந்திருக்கிறாள். காலையில் வேலைக்குப் போகும்போது அங்கே ஜேசிபி நின்று தோண்டுவதைப் பார்த்தது நினைவு வர, நேராகப் பள்ளத்துக்கு வந்துவிட்டாள். தினம் எங்களோடு வந்து, மனசுக்குள் எண் சொல்லிக்கொண்டு, செருப்பைச் சரிசெய்வது போல ஓரமாக நின்றவள். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான். பள்ளத்தைத் திறந்து போட்டுவிட்டுப் போனானே, அவன் மேல் போயிற்று.

எலும்பில் விரிசல். முட்டி வரை கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் பிஸ்கட்டும் பழமும் வைத்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இந்த வயதில், அந்த இருட்டில், உனக்கென்ன ஓட்டம்? கம்பெனியிலிருந்து வந்தவர்களும் அதையே கேட்டார்கள். கணவர் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைக் கொடுக்கும்போது, "போதும், இத்தோட நிறுத்திக்க" என்றார். பள்ளத்தை ஏன் மூடாமல் போட்டார்கள் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிப் பெண் வந்தாள். முகத்தில் பழைய கலகலப்பு இல்லை. வார்டன் சத்தம் போட்டிருக்கிறார், ஹாஸ்டலை விட்டு இனி யாரும் சாயங்காலம் வெளியே போகக் கூடாதாம். "புள்ளைளும் பயப்படுதாவ. விட்டுருவோமாக்கா?" என்றாள்.

"அந்தக் குழிய மூடினாங்களா?" என்று கேட்டேன்.

"எங்க? அப்படியேதான் கெடக்கு."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, வீடே அதிரக் கத்தினேன். எங்கள் லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். ஏதாவது தப்பு வந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், லைன் நின்றுவிடும். சரிசெய்த பிறகுதான் ஓடும். அங்கே தப்பு இருந்தால் தப்பைச் சரிசெய்கிறார்கள். இங்கே தப்பு பள்ளத்தில் இருக்கிறது, நிறுத்தச் சொல்வது எங்களையா? "நீங்க நாளைக்கு ஓடுங்க. நான் வரேன்" என்றேன்.

"காலை வச்சிக்கிட்டா?"

"குழிக்கு லைட்டு போடல இல்ல? நானே போய்க் குந்துறேன்."

மறுநாள் சாயங்காலம் கணவரிடம், பிளாஸ்டிக் நாற்காலியையும் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளத்துப் பக்கத்தில் இறக்கிவிடச் சொன்னேன். "உனக்கு இன்னா பைத்தியமா?" என்றார். "நீ வுடலன்னா ஷேர் ஆட்டோல போவேன்" என்றேன். போய்விடுவேன் என்று அவருக்குத் தெரியும். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

பள்ளத்துக்கு முன்னால், மண் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கட்டுப் போட்ட காலை நீட்டி ஒரு செங்கல் மேல் வைத்தேன். புதிதாக வாங்கிய நெற்றி விளக்கைச் சிவப்பில் மின்னும்படி வைத்து, வண்டி வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் வண்டியை மெதுவாக்கிப் பார்த்தான். "இன்னாக்கா, இங்க குந்திகினு கீற?" என்று ஒருவன் கேட்டான். "குழி கீது. ஒதுங்காம நேராப் போ" என்றேன். சிரித்துக்கொண்டே போனான். சிரிக்கட்டும், விழாமல் போனான் அல்லவா?

கணவர் வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளி வேன் பக்கம் நின்றிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு பைக் வந்தது. முன்னால் பெட்ரோல் டாங்க் மேல் ஒரு குழந்தை, பின்னால் மனைவி. பின்னாலிருந்து வந்த லாரி ஹாரன் அடிக்க, அவன் மண் ஓரத்தில் இறக்கினான். என் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் பிரேக் போட்டான். டயர் சறுக்கி, என் செங்கல்லுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. எட்டிப் பள்ளத்தைப் பார்த்தான். குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான். என் கணவர் வேனைக் கொண்டுபோய்ப் பள்ளத்தின் மறு கோடியில் நிறுத்தி, நான்கு விளக்கையும் மின்ன விட்டார். அன்றிலிருந்து அவர் முணுமுணுக்கவில்லை.

பெண்கள் வந்தார்கள். வார்டன் கேட்டதற்கு, "வெளிய போனாத்தான தப்பு? நாங்க இன்னும் உள்ளயே வரலியே" என்றிருக்கிறார்கள். ஹாஸ்டல் கதவு அடைப்பது எட்டு மணிக்கு. பஸ்ஸிலிருந்து இறங்கி, ஹாஸ்டலுக்குள் காலே வைக்காமல் ஓடி முடித்து, கதவு அடைப்பதற்கு முன் போய் நின்றுவிட்டார்கள். சட்டப்படி எல்லாம் சரி. வார்டனுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம்.

தினமும் போய் உட்கார்ந்தேன். சில நாள் கழித்து, பள்ளம் தோண்டிய காண்டிராக்டரின் ஆள் பைக்கில் வந்து இறங்கினான்.

"யம்மா, இங்கல்லாம் ஒக்காரக் கூடாது. ஆபத்து."

"அதத்தான் நானும் சொல்லிகினு கீறேன். தடுப்பு வை, எந்திரிக்கிறேன்."

"எஞ்சினியர் கிட்ட கேக்கணும்."

"கேளு. நான் எங்க போவப்போறேன்? கால்ல கட்டு. ஓடவா முடியும்?"

எங்கள் பெண்கள் பின்னால் வந்து நின்றார்கள். பைக்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள். அவன் சுற்றிப் பார்த்தான், போனை எடுத்தான், தள்ளிப் போய்ப் பேசினான். மறுநாள் நான் போனபோது பள்ளத்தைச் சுற்றி டிரம் நிறுத்தி, வெளிச்சத்தில் மின்னுகிற பட்டை கட்டி, இரண்டு சிவப்பு விளக்கும் வைத்திருந்தார்கள். எனக்கு உட்கார இடமே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த இடத்தையும் காலி செய்ததில்லை.

அன்றைக்கும் கணவரிடம் சொல்லி நாற்காலியைத் திருப்பத்தில் போடச் செய்து உட்கார்ந்தேன். பெண்கள் வந்து நின்று எண்ணினார்கள். இந்த முறை எல்லாரும் திரும்பி நின்று, ஒருவர் முகத்தில் ஒருவர் விளக்கடித்து, எண்ணோடு பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். பத்து முடிந்ததும் எல்லா விளக்கும் என் பக்கம் திரும்பின. நாற்காலியில் உட்கார்ந்தபடியே "பதினொண்ணு" என்று கத்தி என் பெயரைச் சொன்னேன். அதற்குப் பிறகு பஸ் நிறுத்தத்து ஓரத்திலிருந்து, புடவையை முட்டி வரை தூக்கிச் செருகி, நெற்றியில், சேறு துடைத்துச் சரிசெய்த என் பழைய விளக்கை மாட்டிக்கொண்டு ஒருத்தி முன்னால் வந்தாள். வெட்கத்தில் முதலில் குரல் எழும்பவில்லை. "யக்கா, கேக்கலை!" என்று லீடர் அதட்டினாள். "பன்னண்டு!" என்று அவள் கத்திய கத்தலில் நிறுத்தத்தில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

கட்டு அவிழ்த்து, இப்போது நானும் ஓடுகிறேன். இன்னும் மெதுவாகத்தான். எதற்கு ஓடுகிறாய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள், நான் இன்றைக்கும் காரணம் சொல்வதில்லை. ஆனால் லைனிலோ, பஸ்ஸிலோ, கல்யாண வீட்டுப் பந்தியிலோ, எங்கே யார் ஆள் எண்ணினாலும், எண்ணிக்கை சரியாகவே வந்தாலும், ஒரு முறை பின்னால் திரும்பி ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். கண் கூசினால் கூசட்டும்.